ஒருபோதும் சிவக்காத மழைப் பலகை

1

எங்கள் மழைப் பலகைக்கு ஒரு வயது நிரம்பியதைக் கொண்டாட, நோர்வேயின் பேர்கன் நகரில் கேக் வெட்டினார்கள். பச்சைக் கேக். மேலே வெள்ளைச் சர்க்கரையில் ஒரு ‘சரி’ அடையாளம். மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களில் இலங்கை மலையகத்து லிந்துலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர்: நானும் என் மகன் ஜெரோமும். ஜெரோம் அங்கிருந்து புறப்பட்டபோது அவனுக்கு ஒன்பது வயது. ஆகவே ஒன்றரைப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

குகன் என்ற இளைஞன் ஒலிவாங்கியைப் பிடித்தான். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், அவன் பிறந்தது இங்கே. “ஒரு வருசத்தில ஒரு சிவப்பு எச்சரிக்கைகூட வரேல்லை. எங்கட சோதனைகள் நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவர் என் கையில் கேக் தட்டைத் திணித்தார்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குப் பலகை எதுவென்று சொல்லிவிடுகிறேன். லிந்துலை, வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பத்தொன்பது லயங்களின் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரியான பிளாஸ்டிக் உருளை நட்டிருக்கிறார்கள். மழை அதில் விழும். லயத்து ஆள் ஒருவர் அளவைப் பார்த்துக் கைபேசியில் எண்ணை அனுப்புவார். இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு புள்ளி. மழை ஏற ஏறப் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாற வேண்டும். சிவப்பு வந்தால் பின்னால் உள்ள மண்மேடு சரியக்கூடும், இறங்கிப் போ என்று பொருள். அந்தப் பக்கத்தைத்தான் பலகை என்கிறோம்.

இது திறந்த மூல வேலை. அதாவது கணினி நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், யாருக்கும் சம்பளம் இல்லை. யாரும் பார்க்கலாம் என்பதால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தமிழ்ச் சொற்கள் எழுதித் தரும்படி ஜெரோம்தான் சேர்த்துவிட்டான். வீட்டில் உட்கார்ந்து தன்னைக் குறை சொல்வதற்குப் பதிலாக வேறு நாலு பேரைச் சொல்லட்டும் என்று நினைத்திருப்பான்.

2

தானியங்கிச் சோதனை என்பது இவர்களுடைய குலதெய்வம். நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு சிறு நிரலை எழுதிவைக்கிறார்கள். அது கேள்வி கேட்கும். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் மழை என்றால் என்ன நிறம்? பச்சை. சரி. யாராவது நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகளும் தாமாகவே மறுபடி கேட்கப்படும். திரையில் பச்சை அடையாளங்கள் வரிசையாக விழும். அதைப் பார்க்கும்போது இவர்கள் முகத்தில் வருகிற ஒளியைத் திருவிழாவில்கூட நான் கண்டதில்லை.

நான் ஹட்டனில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். கேள்வித்தாளை எழுதுகிற பையனே விடையையும் எழுதி, அவனே திருத்திப் புள்ளியும் போட்டால் அவனுக்கு எத்தனை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இதை ஜெரோமிடம் சொன்னேன்.

“அப்பா, எங்க கவரேஜ் தொண்ணூற்றேழு வீதம்” என்றான்.

எழுதிய வரிகளில் தொண்ணூற்றேழு வீதத்தைச் சோதனைகள் ஒரு தடவையாவது தொட்டுவிட்டனவாம். புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் புரட்டிய மாணவனை நான் ஒருபோதும் சித்தியடைந்தான் என்று எழுதியதில்லை.

கேக் தின்ற மறுநாள் சோதனைகளின் தலைப்புகளை எண்ணினேன். பொத்தான், எழுத்து, நிறம், இவை பற்றியவை இருநூற்று எட்டு. கடவுச்சொல் பற்றியவை தொண்ணூற்று நான்கு. மீதியில் மழையைப் பற்றிக் கேட்பவை பதினேழு. மழைப் பலகையில் பதினேழு! அந்தப் பதினேழிலும் பெய்வது பேர்கன் மழையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே மழை அரசாங்க ஊழியரைப் போல. தினமும் வரும், கொஞ்சம் வேலை செய்யும், போய்விடும். எங்கள் மலையில் வட்டவளைப் பக்கம் பெய்வது மாதிரி ஆளை அடித்துத் துவைக்காது. இங்கத்தைய மழையைப் பற்றிப் பேசுவதிலும் எனக்குக் கெட்ட பெயர்தான். நோர்வே மொழியில் மழைக்கு ‘ரெய்ன்’, கட்டண ரசீதுக்கு ‘ரெய்னிங்’. என் தங்கை வீட்டில் ரசீது கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு, தமக்கும் அப்படித்தான் என்றார்.

3

என் தங்கை லூர்து லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். கொழுந்து பறித்து ஓய்ந்தவள். காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் இருபத்துநாலு கொண்ட அவளுடைய லயத்துக்கு முதுகை ஒட்டி மண்மேடு நிற்கிறது. அங்கே உருளையைப் பார்க்கிற வேலை அவளுடையது.

அந்த லயத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. பலகை வருவதற்கு முந்தைய வருட மழையில் பயந்துபோய் எல்லோரும் கீழே பாடசாலைக்கு இறங்கினார்கள். மண் சரியவில்லை. இரண்டு வீட்டுக் கோழிகள் களவு போயின. தோட்டத்து அலுவலகம் எல்லோருக்கும் வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டது. பலகை வந்தபிறகு லயத்துத் தலைவர் அலுவலகத்தோடு பேசி ஒரு ஒழுங்கு செய்தார்: பலகை சிவப்பு காட்டினால் இறங்கலாம், அன்றைய கூலி வெட்டப்படாது. சிவப்பு இல்லாமல் இறங்கினால் வெட்டு. ஆக, இருபத்துநாலு குடும்பங்களின் கால்களும் அந்தப் புள்ளியோடு கட்டப்பட்டிருந்தன.

கேக் வெட்டிய அடுத்த வாரம் காலையில், சாயம் மட்டும் இறங்குகிற பேர்கன் தேநீரைக் குடித்துக்கொண்டு லூர்துவை அழைத்தேன். அங்கே பகல்.

“அண்ணே, கேக்குதா? தகரத்துல அடிக்கிற அடியில எங்குரல் எனக்கே கேக்கல.”

“எவ்வளவு பேஞ்சிருக்கு?”

“காலையில நூத்திநாப்பது. அத ஊத்திட்டு மறுபடி வெச்சேன். இப்பப் பாத்தா அம்பத்தஞ்சு. அதையும் அனுப்பிட்டேன்.”

பலகையைப் பார்த்தேன். அவளுடைய லயத்துப் புள்ளி பச்சை. பக்கத்தில் 55.

“இங்க அம்பத்தஞ்சுதான் இருக்கு. நூத்திநாப்பது எங்க போச்சு?”

“அதத்தான் காலையிலேயே அனுப்பிட்டேனே! கொழுந்து நிறுக்கிற மாதிரிதானே இது? காலையில ஒரு நிறுவை, பகலைக்கு ஒரு நிறுவை, அந்திக்கு ஒரு நிறுவை. கூட்டிக்கிறது அவங்க வேலை. நானா கூட்டிக் குடுக்கணும்?”

தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். பறித்தவள் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். மூன்றையும் கூட்டுவது கணக்கு எழுதுகிறவர் பாடு. வாழ்நாள் முழுவதும் அப்படிக் கொட்டிப் பழகியவள் மழையையும் அப்படியே கொட்டினாள். நிரல் எழுதியவர்களோ ஒரே நாளில் இரண்டாவது எண் வந்தால் அது முதல் எண்ணின் திருத்தம் என்று வைத்திருந்தார்கள். பயிற்சியில் அதைச் சொன்னார்களாம். லூர்து பஸ் போய்விடும் என்று பயிற்சியின் பாதியில் எழுந்து வந்தவள்.

“சரி, ரெண்டையும் கூட்டி ஒண்ணா அனுப்பு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு.”

எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பேசினாள்.

“எடுக்க மாட்டேங்குதுண்ணே. செவப்பா ஒரு கட்டம் வருது. ‘எண் பிழை, சரிபார்க்கவும்’னு போட்டிருக்கு.”

சிவப்பு வந்தது அந்தக் கட்டத்தில் மட்டும்தான். புள்ளி பச்சையாகவே இருந்தது. ‘எண் பிழை, சரிபார்க்கவும்’ என்பது நான் எழுதிக் கொடுத்த தமிழ்.

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ எறங்கு, லூர்து.”

“நான் சொன்னா எவன் கேப்பான்? தலைவரு போனைத் தூக்கிக்கிட்டு வாசல் வாசலா ‘பச்சை, பச்சை’ன்னு காட்டிக்கிட்டுத் திரியிறாரு. பின்னால வடிகான்ல தண்ணி செம்மண்ணா ஓடுது. வந்து பாருங்கன்னா, ‘ஒனக்கு எப்பவும் பயந்தான், போய் அடுப்பப் பாரு’ங்கிறாரு. அடுப்பு எங்கேருந்து எரியும், வெறகு பூராவும் நனைஞ்சு கெடக்கு!”

4

ஜெரோம் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறான். அவனுடைய அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு நாளைக்கு ஒரு எண், அப்பா. அதுதான் டிசைன். மாத்தணும்னா முறைப்பாடு போடுங்க. அதுக்கு ஒரு படிவம் இருக்கு.”

படிவத்தைக் காட்டினான். நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, எந்த உலாவி, எந்தப் பதிப்பு என்று ஒன்பது கேள்விகள். நான் இந்த நாட்டில் வதிவிட அனுமதி எடுத்தபோது நிரப்பிய தாள்கள் ஞாபகம் வந்தன. அவற்றிலும் மண்சரிவுக்கு இடம் இருக்கவில்லை.

“டேய், அந்தப் பதினேழையும் திற” என்றேன். தலைப்புகளை எண்ணியதோடு நிறுத்தியிருந்தேன், உள்ளே வாசித்திருக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன்.

ஆறாவது சோதனை ஜெரோம் எழுதியது. ஒரு நாள் மழை நூற்றைம்பதுக்கு மேலே போனால் நிறம் சிவப்பு. சரி அடையாளம். பதினோராவது குகன் எழுதியது. அனுப்பப்படுகிற எண் நூற்றைம்பதுக்கு மேலே போனால் பிழை, ஏற்றுக்கொள்ளாதே. அதற்கும் சரி அடையாளம்.

“இது எதுக்கு?”

“உருளை பிடிக்கிறதே நூற்றைம்பதுதான். அதுக்கு மேல வந்தா டைப்பிங் மிஸ்டேக்தானே அப்பா. யாரோ ஒருத்தர் நாற்பத்தைஞ்சுக்கு நானூற்றைம்பதுன்னு அடிச்சிட்டாங்க. அதனால குகன் போட்டான்.”

“அப்ப சிவப்பு எப்படி வரும்?”

“நூற்றைம்பதுக்கு மேல...” என்று தொடங்கியவன் பதினோராவதை மறுபடி திறந்தான்.

நூற்றைம்பதைத் தாண்டாமல் சிவப்பு வராது. நூற்றைம்பதைத் தாண்டிய எண் உள்ளே வராது. இரண்டு தடவை அனுப்பினால் முதலாவது அழிந்துபோகும். அந்தப் பலகை சிவக்கவே முடியாது. இரண்டு சோதனைகளும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை. ஒரு வருடமாகச் சிவப்பு வரவில்லை என்று கேக் வெட்டினோமே, அது சாதனை இல்லை, கட்டுமானம்.

ஜெரோம் குகனை அழைத்தான். ஒலிபெருக்கியில் குகன் சொன்னது: “என்னடாப்பா, டெஸ்ட் எல்லாம் பாஸ் தானே? அங்கிள் ஏன் இப்பிடி யோசிக்கிறார்?”

“தம்பி, ரெண்டு பேரும் நல்லாப் பாஸ் பண்ணியிருக்கீங்க. மழைதான் ஃபெயில்” என்றேன்.

திருத்துவது பத்து வரி வேலை என்றான் ஜெரோம். ஆனால் திருத்தியவனே அதை ஏற்றிவிட முடியாது. இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த அதிகாரம் இங்கெர் என்ற நோர்வேப் பெண்மணிக்கு மட்டும் உண்டு. அவர் மலைக் குடிலுக்கு ஓய்வுக்குப் போயிருந்தார். கைபேசிக்கு அலை கிடைக்காத இடமாகப் பார்த்துப் போவதுதான் இவர்களுக்கு ஓய்வு. குகனுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இல்லை. அவனுக்கு ஒலிவாங்கி மட்டும்.

“விதியை மீறி ஏத்திடு” என்றேன்.

“பூட்டு போட்டிருக்கு அப்பா. நாங்களேதான் போட்டோம். யாரும் பிழையா எதையும் மாத்திடக் கூடாதுன்னு.”

நான் லூர்துவை மறுபடி அழைத்தேன். “தலைவர்கிட்ட போனைக் குடு” என்றேன்.

“வணக்கங்க ஐயா” என்றார் தலைவர். “தங்கச்சி சொல்லிச்சுங்க. ஆனா எங்க போன்ல பச்சைதாங்க காட்டுது.”

“அது பழசுங்க. மழையில உங்களுக்கு நெட்வொர்க் மெதுவா வரும். பலகையே இங்கதான இருக்கு? இங்க செவப்பு வந்துருச்சு. எம் மகன் பக்கத்துலதான் இருக்கான், பாத்துக்கிட்டிருக்கோம்.”

ஜெரோம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு முன்னால் திரையில் லூர்துவின் லயம் நல்ல பச்சையாக இருந்தது.

“செவப்புங்களா ஐயா? உறுதிங்களா? நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாங்க.”

“உறுதி. கேட்டா எம் பேரைச் சொல்லுங்க.”

“அப்ப சரிங்க” என்றார். அடுத்து அவர் போட்ட சத்தம் தகர மழையைத் தாண்டிக் கேட்டது: “ஏய், செவப்பு வந்துருச்சாம்! வெளிநாட்டுல பாத்துட்டுச் சொல்றாங்க! கெளம்புங்க, கெளம்புங்க!”

பின்பக்க வடிகான் தண்ணீரைக் கண்ணால் பார்த்த லூர்து சொன்னபோது அசையாத மனிதர், கடல் கடந்து எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவன் சொன்னதும் ஊரையே கிளப்பினார். வெளிநாட்டில் இருப்பதன் மதிப்பு இவ்வளவுதான் என்று அன்று விளங்கியது.

“பொய் சொல்லிட்டீங்களே அப்பா” என்றான் ஜெரோம்.

“உன் பலகை ஒரு வருசமா சொல்லுது” என்றேன்.

5

அன்று அந்திக்கு மேடு சரிந்தது. மூன்று காம்பராக்களின் பின்சுவர் உள்ளே வந்துவிட்டது. நடுவில் இருந்தது லூர்துவுடையது. எல்லோரும் பாடசாலையில் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

“கோழிங்க?” என்று கேட்டேன்.

“இந்த வாட்டி விட்டுட்டு வருவமா? அஞ்சாம் வகுப்புல நிக்குதுக. ஏண்ணே, அந்தச் செவப்பு கடைசி வரைக்கும் எங்க போனுக்கு வரவே இல்லையே?”

“நெட்வொர்க்” என்றேன்.

“ஆமாமா, நெட்வொர்க்கு” என்று சிரித்தாள்.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். இரண்டு நாளில் குழுவின் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது: மழைப் பலகையின் எச்சரிக்கையால் இருபத்துநாலு குடும்பங்கள் தப்பின. கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள். குகன் என்னை அழைத்தான்.

“அங்கிள், உங்கட ஊர் ஆக்கள் பலகையைப் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. கொஞ்சம் சிரிச்சமாதிரி இருந்தா நல்லது.”

“அவங்களுக்குச் சுவர் இல்ல, தம்பி. சுவர் வந்ததும் சிரிப்பாங்க” என்றேன். பிறகு நடந்ததை அப்படியே சொன்னேன். செய்தியைத் திருத்தச் சொன்னேன். ‘மழைப் பலகையின் எச்சரிக்கையால்’ என்பதை ‘பலகை பயன்பட்ட சமூகத்தில்’ என்று மாற்றினார்கள். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

ஜெரோமைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் கேக் புகைப்படத்தைத் தன் திரையிலிருந்து எடுத்துவிட்டான். இங்கெர் குடிலிலிருந்து இறங்கி வந்ததும் திருத்தம் ஏறியது. இப்போது ஒரே நாளில் வருகிற எண்கள் கூட்டப்படுகின்றன. திருத்துகிறேன் என்று சொல்லி அனுப்பினால்தான் பழைய எண் அழியும். எண் வரவே இல்லையென்றால் புள்ளி சாம்பல் நிறம். முன்பு அதுவும் பச்சையாம்! பொத்தான் பற்றிய சோதனைகளில் அறுபதைத் தூக்கி எறிந்தார்கள். அதற்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகிற சோதனைகள் எழுதினார்கள். ஒரு கைபேசி எண்ணை அனுப்பும். திரையில் புள்ளி உண்மையிலேயே சிவக்கிறதா என்று பார்க்கும். இடையில் யாருக்கும் சலுகை இல்லை. முதல் சோதனையில் லூர்து அன்று அனுப்பிய மூன்று எண்களும் அனுப்பிய வரிசையிலேயே இருக்கின்றன. பழைய நிரலின் மேல் அதை ஓட்டியபோது அது தோற்றது. என் மகன் எழுதிய சோதனைகளில் நான் மதிக்கிற முதலாவது அதுதான் என்று அவனிடம் சொன்னேன். “தாங்க்ஸ் அப்பா” என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

6

லயத்து மக்கள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரைக் காட்டுகிறார்கள். பின்சுவர் போன இடத்தில் லூர்து தகரம் அடித்திருக்கிறாள்.

போன வாரம் அவளே அழைத்தாள். அங்கே மறுபடி மழை. நான் பலகையைத் திறந்தேன். அவள் அனுப்பிய இரண்டு எண்களும் ஒழுங்காகக் கூட்டப்பட்டு, புள்ளி மஞ்சளாக இருந்தது.

“மஞ்சள்தான். எறங்க வேண்டியதில்ல” என்றேன்.

“அது எம் போன்லயும் தெரியுதுண்ணே. நீங்க என்ன சொல்றீங்க?”

“பலகை இப்ப சரியா இருக்கு, லூர்து. நானே ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாத்தேன்.”

“அன்னைக்கும்தான் பலகை இருந்துச்சு. நீங்க சொல்லித்தானே எறங்குனோம்? தலைவரு இங்கதான் நிக்கிறாரு. ஐயா வாயால ஒரு வார்த்தை வாங்குன்னு சொல்றாரு. சொல்லுங்க, போகவா இருக்கவா?”

என் ஜன்னலுக்கு வெளியே பேர்கனில் வெயில் அடித்தது. அவளுடைய மேடு எனக்குத் தெரியாது. அதில் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று எந்த உருளையும் சொல்லாது. இருங்கள் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. போங்கள் என்று சொன்னால் போவார்கள். மண் சரியாது. இன்னொரு தடவை சொன்னாலும் போவார்கள். மூன்றாம் தடவை அந்தத் தலைவர் வாசல் வாசலாகப் போய் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று எனக்கே எழுதிக் கொடுக்கத் தெரியும்.

“மஞ்சளுக்கு இருக்கலாம்” என்றேன் கடைசியில். “ஆனா போனை வைக்காத. அந்தப் பின்பக்கத் தகரத்துக்கிட்ட வெச்சிட்டு ஒன் வேலையப் பாரு.”

“என்னண்ணே, அங்கேருந்து காவல் காக்கப் போறீங்களா?” என்றாள். ஆனால் வைத்தாள்.

பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரையோ திட்டுகிற சத்தம், அதற்குப் பின்னால் தகரத்தில் மழை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெரோம் காப்பி எடுக்க வந்தவன் நின்று பார்த்தான்.

“யாரோட அப்பா பேசுறீங்க?”

“பேசல. மழையைக் கேக்கிறேன்.”

“அதுக்குத்தானே அப்பா பலகை இருக்கு.”

“ஒன் பலகையை நீ பாரு” என்று சொல்லிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கே மழை பிடித்திருந்தது. விடுகிற மாதிரி இல்லை.